செட்டை வெட்டிய கிளியும் திருவருளும்



பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள் உண்மையை எமக்கு எடுத்துரைத்த சமய ஆசிரியர்கள், நூற்கல்வி இல்லாதவரும் அதனை உணர்ந்து உய்ய வேண்டும் என்னும் பெருங்கருணையினால், அன்றாட வாழ்விலே காணும் பொருள்களையே உவமையாக எடுத்தாண்டனர். ஆணவமலம் உயிரைப் பற்றியிருக்கும் முறையை விளக்க நெல்லையும் உமியையும் காட்டினர். செம்பையும் அதனிடத்துள்ள களிம்பையும் காட்டினர். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்பதற்குப் பளிங்கைக் காட்டினர். இவையெல்லாம் எமது வீட்டிலும் வயலிலும் உள்ளவையே.

அவ்வழியைப் பின்பற்றி, எமது வீட்டு விறாந்தையிலே தொங்கும் கிளிக்கூட்டை இன்று சற்று உற்று நோக்குவோம். செட்டை வெட்டி வளர்க்கப்பட்ட ஒரு கிளியை மீண்டும் பறக்கப் பழக்குவது எவ்வாறு? அவ்வாறு பழக்கும்போது நாம் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன? இவற்றைச் சிந்திக்குமிடத்து, எம்பெருமான் எம்மை ஆட்கொள்ளும் முறையும், எமது கைக்குள் வாழும் உயிர்களிடத்தில் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் ஒருசேர விளங்கும்.

கிளியும் எமது சமயமும்

கிளிக்கு எமது சமயத்திலே தனியிடம் உண்டு. மதுரையிலே மீனாட்சியம்மையின் திருக்கரத்திலே கிளி அமர்ந்திருக்கின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரிலே ஆண்டாள் நாச்சியாரின் இடக்கையில் வைப்பதற்காக இலைகளைக் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கிளி செய்யப்படுகின்றது. மணிவாசகப் பெருமான் அருளிய திருவாசகத்திலே திருத்தசாங்கம் என்னும் பகுதி முழுவதும் கிளியை நோக்கியே பாடப்பட்டது. இறைவனுடைய பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, பறை, தார், கொடி ஆகிய பத்தையும் கிளியிடமே கேட்டு, கிளி வாயிலாகவே சொல்விக்கின்றார் அடிகள். திருவண்ணாமலையிலே கிளிக்கோபுரம் என்று ஒரு கோபுரம் உண்டு. அருணகிரிநாத சுவாமிகள் கிளியுருக் கொண்டு அங்கிருந்து முருகப்பெருமானைப் பாடினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

ஞானியர் கிளியைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. கிளி சொன்னதைத் திருப்பிச் சொல்லும். யாரைச் சார்ந்ததோ அவருடைய மொழியையே தனது மொழியாகக் கொள்ளும். சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் உயிரின் இயல்புக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேறு யாது?

செட்டை வெட்டுதல்

எமது நாட்டிலே கிளியினங்கள் ஐந்து உள்ளன. அவற்றுள் எமது பகுதிகளில் நாம் அதிகம் காண்பது கழுத்திலே வளையம் கொண்ட பச்சைக்கிளி. தலை முறிந்து நிற்கும் பனைகளின் பொந்துகளிலே அது குடியிருக்கும். போர்க்காலத்திலே எறிகணைகளால் வட்டிழந்து மொட்டையாய் நின்ற பனைகளுக்குள்ளும் கிளிகள் குஞ்சு பொரித்தன. மனிதன் அழித்த மரத்திலும் இறைவன் ஒரு குடும்பத்துக்கு இடம் வைத்தான்.

பொந்திலே பிறந்த குஞ்சு ஏறக்குறைய ஏழு வாரங்களில் வெளியே வந்து பறக்கத் தொடங்கும். அதற்கு முன்னரே குஞ்சை எடுத்து வந்து, கூட்டிலிட்டு, செட்டையிலுள்ள நீண்ட இறகுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி விடுவோர் உளர். ஏன் வெட்டுகின்றீர்கள் என்று கேட்டால், கோபத்தினால் என்று எவரும் சொல்வதில்லை. "ஆசையாய் வளர்க்கிறம், பறந்து போய்விடுமல்லவா?" என்பதே விடை. சிலர், பூனை பிடித்துவிடும், மின்விசிறியில் அடிபட்டுவிடும் என்ற அக்கறையினாலும் வெட்டுகின்றனர். ஆகவே கத்தரிக்கோலைப் பிடித்த கையிலும் ஒருவகை அன்பு இருக்கின்றது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. எனினும் அந்த அன்பு தன்னை நோக்கியது. இழந்துவிடுவேனோ என்னும் அச்சம் அதனோடு கலந்திருக்கின்றது. இதனையே எமது ஆன்றோர் பற்று என்றனர்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பொந்திலிருந்து குஞ்சை எடுத்துக் கூட்டிலடைப்பது சீவகாருண்யம் ஆகாது. புதிதாக ஒரு கிளியைச் சிறைப்படுத்த வேண்டாம். இங்கு நாம் பேசுவது ஏற்கெனவே எமது வீட்டிலே செட்டை இழந்து வாழ்கின்ற கிளியைப் பற்றியே ஆகும். அதற்கு நாம் ஒரு கடமை பட்டிருக்கின்றோம்.

இறகு முளைக்கும் காலம்

வெட்டிய இறகு எமது நகம் போன்றது. முதிர்ந்த இறகினுள்ளே குருதி ஓட்டம் இல்லை. ஆகையால் வெட்டும்போது நோவதில்லை. எனினும் நகம் வளர்வது போல அது வளர்வதுமில்லை. வெட்டுண்ட அடித்தண்டு தோலினுள்ளே அப்படியே இருக்கும். பறவை இறகுதிர்க்கும் காலம் வரும்போதே அத்தண்டு கழன்று விழும்; அந்த இடத்திலே புதிய இறகு முளைக்கும். எல்லா இறகும் ஒருநாளில் உதிர்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும். ஆகவே செட்டை முழுமை பெறுவதற்குப் பல மாதங்களாகும்; ஓராண்டும் ஆகலாம்.

"கெதியாய் வளரட்டும்" என்று எண்ணி அடித்தண்டைப் பிடுங்குவோர் உளர். இது பெருந்தீங்கு. இறகு முளைக்கும் குழியே பழுதடைந்து, பின் என்றென்றைக்கும் அவ்விடத்தில் இறகு வராமற் போகக்கூடும். முளைத்து வரும் இளம் இறகினுள்ளே குருதி ஓடும். அது முறிந்தால் குருதி பெருகும். பக்கத்து இறகுகளின் அணைப்பு இல்லாமையால் தனித்து முளைக்கும் இறகு எளிதில் முறியும். ஆகவே அக்காலத்திலே கிளி திடுக்கிட்டு விழாதபடி கூட்டைத் தாழ்வாக அமைத்து, இரைச்சலின்றி வைத்து, நல்ல உணவு கொடுத்துப் பொறுத்திருப்பதே வளர்ப்பவர் செய்யத்தக்கது. சூரியகாந்தி விதையும் கச்சானும் மாத்திரம் கொடுத்தால் கிளி கொழுத்துவிடும். கொழுத்த கிளி பறக்க மாட்டாது. கொவ்வைப்பழம், கொய்யா, பயற்றங்காய், மிளகாய், கீரை என்பனவும் அதற்கு வேண்டும்.

மெய்யன்பர்களே, இங்கே முதலாவது உண்மை புலப்படுகின்றது. கத்தரிக்கோல் இறகை வெட்டியது. இறகை முளைப்பிக்கும் ஆற்றலை அது தொடவில்லை. அவ்வாறே ஆணவமலம் உயிரின் அறிவை மறைக்கின்றது; உயிரை அழிப்பதில்லை. களிம்பு போனால் செம்பு செம்பாகவே ஒளிரும். எவ்வளவு தாழ்ந்துபோன மனிதனையும் "இவன் இனித் தேறமாட்டான்" என்று தள்ளிவிட எமக்கு உரிமையில்லை என்பதற்குச் சைவசித்தாந்தம் கூறும் காரணம் இதுவே.

இரண்டாவது உண்மை, காலம் பற்றியது. மலபரிபாகம் என்று எமது நூல்கள் கூறுவது மலம் தனது வலிமை கெடும் பக்குவத்தையே. அப்பக்குவம் அவசரத்தினால் வருவதன்று. பிடுங்கினால் குழியே கெடும். திருந்தவேண்டியவனை அடித்தும் அவமானப்படுத்தியும் ஒரே நாளில் திருத்தப் புகுவோர் இந்த உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இறகு முளைத்தும் பறவாத கிளி

இனி எமது சிந்தனையின் நடுப்பகுதிக்கு வருவோம். மாதங்கள் கழிந்தன. இறகுகள் யாவும் முளைத்துவிட்டன. கூட்டின் கதவையும் திறந்துவிட்டோம். கிளி பறக்கின்றதா?

பெரும்பாலும் இல்லை. குஞ்சிலேயே செட்டை வெட்டப்பட்ட கிளிக்குத் தான் பறவை என்பதே தெரியாது. அது நடந்து பழகியது; அலகினாலே கம்பியைப் பற்றி ஏறிப் பழகியது. முன்னர் பறக்க எத்தனித்து நிலத்திலே நெஞ்சு அடிபட விழுந்த கிளியாயின், அந்த வீழ்ச்சியின் நினைவு அதனுள்ளே இருக்கும். நெஞ்சிலுள்ள பறக்கும் தசைகள் உழைப்பின்றி மெலிந்திருக்கும். திறந்த கதவின் விளிம்பிலே வந்து நின்று, வெளியே பார்த்துவிட்டு, மீண்டும் உள்ளே போய்விடும்.

வெட்டியது ஒரு நிமிடச் செயல். இறகு தானாகவே முளைத்துவிட்டது. ஆனாற் பறக்கும் துணிவு தானாக முளைப்பதில்லை. அதனை ஒருவர் அருகிருந்து ஊட்ட வேண்டும்.

மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் எட்டாஞ் சூத்திரம் குருவின் வருகையைப் பற்றியது. அரசகுமாரன் ஒருவன் வேடர்களிடையே வளர்ந்து, தன்னையும் வேடன் என்றே எண்ணி வாழ்ந்தாற்போல, உயிரானது ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன் உண்மையை மறந்திருக்கின்றது. இறைவனே குருவாக வந்து "நீ இன்னான்" என உணர்த்துகின்றான் என்பது அச்சூத்திரம் காட்டும் உவமை. அரசகுமாரனிடம் அரசத்தன்மை எப்போதும் இருந்தது. சொல்லுவார் இல்லாமையே குறை. செட்டை முளைத்தும் நடந்து திரியும் கிளி அந்த அரசகுமாரனே.

அதனாலன்றோ சைவசித்தாந்தம் பாசநீக்கம் என்றும் சிவப்பேறு என்றும் இரண்டைப் பேசுகின்றது! கட்டு நீங்குதல் ஒன்று. அடைய வேண்டியதை அடைதல் மற்றொன்று. கதவு திறந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுதல் பிழை. சிலர், "இறகு வந்துவிட்டது, இனிப் போ" என்று கிளியை வளவுக்குள் எறிந்து விடுகின்றனர். அது விடுதலையாகாது, கைவிடுதலாகும். பறக்கப் பழகாத, இரை தேடத் தெரியாத கிளி காகத்துக்கும் பூனைக்கும் இரையாகும். கூட்டிலடைத்த பாவத்தோடு கொலைப்பாவமும் சேரும்.

பழக்கும் முறை

அப்படியாயின் எவ்வாறு பழக்குவது? பறவை வளர்ப்பில் அனுபவமுள்ளோர் கூறும் முறையைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் இடத்தைச் செம்மை செய்தல் வேண்டும். ஓர் அறையைத் தெரிந்து, யன்னல்களையும் கதவையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் யன்னற் கண்ணாடிகளையும் துணியால் மூட வேண்டும். கண்ணாடியைக் கிளி வெளியென்று எண்ணி மோதும். குசினியிலே கொதிக்கும் எண்ணெயும் திறந்த நீர்ப் பாத்திரமும் இருக்கலாகாது. பூனையும் நாயும் அப்பக்கம் வரலாகாது.

அடுத்தது நம்பிக்கை. கையைக் கண்டு அஞ்சும் கிளிக்குப் பயிற்சி இல்லை. சில நாட்கள், வேண்டுமாயின் சில வாரங்கள், அருகில் அமர்ந்து பேசி, விருப்பமான பண்டத்தைக் கையிலே கொடுத்து, தானாகவே கையில் ஏறச் செய்தல் வேண்டும். கையில் ஏறியபின், கையை மெல்லத் தாழ்த்தினால் கிளி செட்டையை விரித்து அடிக்கும். தனக்குச் செட்டை உண்டு என்பதை அது அறியும் முதற்கணம் அதுவே. நாளொன்றுக்குச் சில தடவைகள் இவ்வாறு செய்து வர, நெஞ்சுத் தசைகள் வலுப்பெறும்.

பின்னர் கதிரையொன்றின் சாய்மணையிலே கிளியை இருத்தி, கையை மிக அருகில் நீட்ட வேண்டும். ஒரு காலை எடுத்து வைத்தால் எட்டும் தூரம். அது வந்தவுடன் கொய்யாத் துண்டோ கச்சான் பருப்போ கொடுக்க வேண்டும். அடுத்த நாள் கையைச் சற்றே பின்னால் எடுக்க வேண்டும். இப்போது அது தாவ வேண்டியிருக்கும். அதற்கடுத்து ஓரடி. அதன்பின் இரண்டடி. ஒருநாள் தாவலுக்கும் பறத்தலுக்கும் இடையிலுள்ள எல்லையை அது தன்னையறியாமலே கடந்துவிடும்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னர், காலையும் மாலையும் சில நிமிடங்கள் மாத்திரமே இப்பயிற்சி நடைபெற வேண்டும். பட்டினி போட்டுப் பழக்கலாகாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கினால், செட்டையைத் தொங்கவிட்டால், உடனே நிறுத்த வேண்டும். எக்காரணம் கொண்டும் கிளியை மேலே எறிந்து "பற, பற" என்று துரத்தலாகாது. எறியப்பட்ட கிளி பறப்பதைக் கற்பதில்லை. எறிந்த கையை அஞ்சுவதையே கற்கின்றது.

அருகிலே பறக்கத் தெரிந்த இன்னொரு கிளி இருந்தால் பழக்கம் விரைவில் கைகூடும். தன்னைப்போன்ற ஒன்று பறப்பதைக் கண்டே அது துணிவு கொள்ளும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே இக்கருத்தையொத்த ஓர் உவமையைக் கூறுகின்றார். விலங்கைப் பிடிப்போர் அதே இனத்து விலங்கொன்றைக் காட்டிப் பிடித்தல் போல, இறைவனும் மனிதரை ஆட்கொள்ள மனித வடிவையே போர்வையாகக் கொண்டு குருவாய் வருகின்றான் என்பார் அவர். அடியார் கூட்டத்தோடு இணங்கியிருத்தலின் பயனும் இதுவே. பறப்போரைக் காணாமல் பறக்க ஆசை பிறவாது.

ஓரடி பின்வாங்கும் கை

இப்பயிற்சியிலே சற்று நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கை ஒவ்வொரு நாளும் சிறிது பின்னால் போகின்றதே, அப்போது கிளியின் உள்ளம் எப்படி இருக்கும்? நேற்று எட்டிய கை இன்று எட்டவில்லை. கிளி கழுத்தை நீட்டிப் பார்க்கின்றது, கதிரையிலே அங்குமிங்கும் நடக்கின்றது, கத்துகின்றது. "என்னைக் கைவிட்டுவிட்டாரே" என்று அது எண்ணுவதாகவே எமக்குத் தோன்றும். கை பின்வாங்கியது பறக்க வைப்பதற்காகவே என்பதை அது அறியாது. பறந்து வந்து கையிலே அமர்ந்த பின்னரே அறியும்.

எம்பெருமானுடைய ஐந்தொழில்களைப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் எனக் கூறுகின்றோம். மற்றைய நான்கும் எளிதில் விளங்கும். மறைத்தல் ஏன் என்பது பலருக்கு விளங்குவதில்லை. அருளே வடிவான இறைவன் தன்னை ஏன் மறைக்க வேண்டும்? திரோதான சக்தி எனப்படும் அந்த மறைப்பும் அருளின் ஒரு வடிவமே என்று எமது ஆசிரியர்கள் உறுதியாகக் கூறினர். உயிர் முயன்று, உலகை நுகர்ந்து, பக்குவம் எய்துவதற்காக அவன் பின்னே நிற்கின்றான். கை பின்வாங்கியது; விலகிப் போய்விடவில்லை. கிளி விழுந்தால் ஏந்தும் தூரத்திலேயே அது நிற்கின்றது.

வீட்டிலே நோய் வந்து நின்றபோதும், நெருங்கிய ஒருவரை இழந்தபோதும், வேண்டுதல் பல செய்தும் பயன் காணாதபோதும், "சுவாமி கண் திறக்கவில்லை" என்று நாம் அழுகின்றோம். அழுவது குற்றமன்று. கிளியுங்கூட அழுகின்றது. ஆனால் அந்தக் கணத்திலே கூட்டுக்குள் திரும்பி ஓடிவிடாமல், விளிம்பிலேயே நின்று கையை நோக்கிக்கொண்டிருப்பதே பக்தி. துன்பத்துக்கெல்லாம் இதுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எனினும் எட்டாத கை எல்லாம் கைவிட்ட கை ஆகாது என்பதை மாத்திரம் இக்கிளி எமக்குக் கற்பிக்கின்றது.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களை எமது முன்னோர் வகுத்ததும் இக்கருணையினாலேயே. முதல்நாளே அறையின் மறுகோடிக்குப் பறக்கச் சொல்லவில்லை. கோயிலைக் கூட்டுதலும் மெழுகுதலும் பூமாலை தொடுத்தலும் ஒரு காலை எடுத்து வைக்கும் தூரமே. அதனைச் செய்கின்ற எந்தத் தாயும், எந்தச் சிறுவனும் பறத்தலின் முதற்படியிலே நிற்கின்றார்கள். அதனைச் சிறிதென்று இகழலாகாது.

இறங்கக் கற்றல்

பறக்கத் தொடங்கிய கிளி அடுத்ததாக ஒரு சங்கடத்திலே மாட்டிக்கொள்ளும். அலுமாரியின் உச்சியிலோ திரைச்சீலையின் மேலோ போய் இருந்துவிடும். இறங்கத் தெரியாது. ஏறுதல் எளிது, இறங்குதலே கடினம் என்பது பறவைகளைப் பழக்குவோர் நன்கு அறிந்தது. அவ்வேளையிலே தும்புத்தடியால் விரட்டலாகாது. அதற்குச் சற்றுக் கீழே கையை நீட்டி அழைக்க வேண்டும். பின்னர் இன்னும் சற்றுக் கீழே. இவ்வாறு படிப்படியாக இறங்கப் பழக்குதல் வேண்டும்.

சமய வாழ்விலும் உயர ஏறி இறங்கத் தெரியாதவர்கள் உண்டு. நாலு பதிகம் மனனம் செய்தவுடன், ஒரு பதவி கிடைத்தவுடன், ஒரு திருப்பணிக்குப் பணம் கொடுத்தவுடன் மேலே போய் இருந்துவிடுகின்றோம். அடியார்க்கும் அடியேன் என்று இறங்கி நிற்க வருவதில்லை. பணிவு என்பது இறங்கும் வித்தை. அதனைக் கற்காத பறத்தல் ஆபத்தானது.

முற்றாகப் பறக்க இயலாத கிளிகளும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இறகுக் குழி பழுதடைந்த கிளி, முதுமையடைந்த கிளி, செட்டை எலும்பு முறிந்த கிளி என்பன எவ்வளவு பழக்கினும் பறவா. அவற்றை வெறுக்கலாமா? தாழ்வான கொம்புகளை அமைத்து, ஏறி இறங்க வழி செய்து, இருக்கும்வரை அன்போடு பேணுவதே தருமம். நன்கு பேணினால் பச்சைக்கிளி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். செட்டை வெட்டிய பொழுது ஒரு நிமிடம். அதற்கான பொறுப்போ இருபது ஆண்டுகள்.

எமது கைகளிலுள்ள கிளிகள்

அன்பர்களே, இனி எம்மை நோக்கித் திரும்புவோம். எமது வீட்டிலே கிளிக்கூடு இல்லாதிருக்கலாம். ஆயினும் செட்டை வெட்டப்பட்டோர் இல்லாத வீடு உண்டா?

"உனக்கு ஒண்டும் தெரியாது, பேசாமல் இரு" என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகம் கிடைத்தும் தூரம் என்று சொல்லி மறிக்கப்பட்ட பெண்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்தபின் நல்ல காரியங்களுக்கு முன்வரக் கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சகோதரியை எண்ணிப் பாருங்கள். இவர்களுள் எவரையும் பகையினால் எவரும் கட்டவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும், ஏதும் நடந்துவிடுமோ என்ற அக்கறையும், எம்மை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பற்றும் கத்தரிக்கோலாயின. பின்னொரு நாளில் "இனி உன் விருப்பம்" என்று கதவைத் திறந்துவிட்டு, அவர்கள் தயங்கி நிற்பதைக் கண்டதும் "பாருங்கோ, விட்டாலும் போகத் தெரியாது" என்று நகைக்கின்றோம். செட்டையை வெட்டிய கையே பறக்கவில்லையென்று பழிக்கலாமா?

எமது மண்ணிலே நிகழ்ந்த ஒன்றையும் இங்கு நினைவுகூரலாம். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் பிறந்து வளர்ந்தார்கள். பின்னாளில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, அந்த ஊர் அவர்களுக்குப் பெரியவர்கள் சொன்ன கதையாகவே இருந்தது. பற்றை மண்டிய வளவும், தூர்ந்த கிணறும், எல்லை தெரியாத வேலியும் கண்டு இளையோர் மலைத்து நிற்பது இயல்பே. வன்னியிலே 2009 ஆம் ஆண்டுக்குப் பின் மெனிக்பாம் முகாமிலிருந்து மீண்டோரும், கம்பிவேலியைத் தாண்டிய பின்னரும் நெடுங்காலம் அச்சம் நீங்காது வாழ்ந்தனர். கம்பி அகன்றது ஒரு நாளில். உள்ளம் பறக்கப் பழகியது மெல்ல மெல்லவே.

அவ்வேளையில் வேண்டியது ஏச்சும் அறிவுரையுமல்ல. கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று, "இதுதான் எங்கட கிணறு, இது உன்ர அப்பப்பா நட்ட மரம், இந்தக் கோயிலிலேதான் உன்ர பாட்டிக்குத் தாலிகட்டு" என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனுக்கு அவனுடைய குலத்தைச் சொல்லிக்கொடுப்பது அதுவே. ஊர்க்கோயிலின் விழாக்களுக்கும் இவ்வாறான மலர்களுக்கும் உள்ள பயன்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே பெற்றோரே, ஆசிரியர்களே, ஆலய பரிபாலனத்தில் உள்ள பெரியோர்களே! உங்கள் பொறுப்பிலுள்ள இளையோருக்குக் கதவைத் திறந்துவிடுவதோடு நின்றுவிட வேண்டாம். எட்டும் தூரத்திலே கையை நீட்டுங்கள். சிறு பொறுப்பொன்றைக் கொடுங்கள். ஒரு தேவாரத்தைப் பாடச் சொல்லுங்கள். பிழைத்தால் எல்லோர் முன்னிலையிலும் கண்டியாதீர்கள். அடுத்த ஆண்டு கையைச் சற்றுப் பின்னால் எடுங்கள். அன்னதானக் கணக்கை அவர்களே எழுதட்டும். விழாவை அவர்களே ஒழுங்கு செய்யட்டும். பதவியிலிருந்து ஓரடி பின்வாங்குவது பெரியோருக்கு இழுக்காகாது. இறைவனே மறைந்து நின்றன்றோ எம்மை வளர்க்கின்றான்!

திரும்பி வரும் கிளி

"பறக்கப் பழக்கினால் போய்விடுமே" என்ற பழைய அச்சம் இன்னும் உள்ளத்தில் எஞ்சியிருக்கலாம். கவனமாகப் பழக்கப்பட்ட கிளி, அறை முழுவதும் பறந்து திரிந்துவிட்டு, அழைத்தவரின் கையிலே வந்து இறங்கும். பழகாத வெளியிலே காற்றிழுத்துச் சென்றுவிடும் ஆதலால் கதவைக் கண்டபடி திறந்துவிடல் ஆகாது. அந்த விழிப்பு எப்போதும் வேண்டும். ஆனால் கையிலே வந்து இறங்கும் அக்கணத்தை நோக்குங்கள். செட்டை இல்லாத நாளிலும் அக்கிளி எமது கையிலேதான் இருந்தது. அன்று இருந்தமைக்குக் காரணம் போக முடியாமை. இன்று வந்தமைக்குக் காரணம் அன்பு. வெளித்தோற்றம் ஒன்றே. உள்ளேயோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

மதுரையம்பதியிலே கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. முன்னாளில் அங்கே கூடுகளிலே கிளிகள் வளர்க்கப்பட்டன. அம்மையின் திருக்கரத்திலுள்ள கிளிக்கோ கூடும் இல்லை, சங்கிலியும் இல்லை. செட்டை முழுமையாக இருக்க, போக வானம் இருக்க, அது அம்மையின் கையை விட்டு அகலாமல் அவள் திருமுகத்தை நோக்கிக்கொண்டிருக்கின்றது. முத்தியிலே உயிர் அழிந்துபோவதுமில்லை, இறைவனை விட்டு வேறாய் நிற்பதுமில்லை என்று சித்தாந்தம் கூறும் அத்துவித நிலையை விளங்கிக்கொள்ள, அம்மையின் கையையே சிறிது நேரம் நோக்கியிருந்தால் போதும்.

அச்சத்தினாற் கோயிலுக்கு வருவோரும் உளர். வராவிட்டால் குற்றம் வந்துவிடும் என்று வருவோரும் உளர். அவர்களும் வரட்டும். வேறெங்கும் போக வழியிருந்தும் அன்பினால் வந்து நிற்கும் அடியவனையே எம்பெருமான் எதிர்பார்த்திருக்கின்றான். அவனை ஆக்குவதற்காகவே எமக்குச் செட்டையையும் தந்து, வானத்தையும் தந்து, கையையும் நீட்டிக்கொண்டிருக்கின்றான்.

எமது செட்டைகள் முளைக்கவும், எம்மால் வெட்டப்பட்ட செட்டைகள் மீள முளைத்து அவ்வுயிர்கள் வானம் காணவும், எல்லோரும் அவன் திருக்கரத்திலே ஒருநாள் வந்து இறங்கவும் எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக!

சுபம்.